சிறுநீரகம் கெட்டவருக்கு இதயம் ஏன் கெடுகிறது

டயாலிசிஸ் பிரிவில் தொழில்நுட்பராகப் பணியாற்றும் என்னிடம் நோயாளிகளின் குடும்பத்தார் பெரும்பாலும் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு) அளவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் அஞ்சுவதோ அவர்களின் இதயத்தை நினைத்து. டயாலிசிஸ் செய்துகொள்வோர் இதய, இரத்தநாள நோய்களால் இறக்கும் விகிதம் பொதுமக்களைவிடப் பத்து முதல் இருபது மடங்கு அதிகம் என்று 1998-இலேயே எழுதப்பட்டுவிட்டது. கொழுப்பைக் குறைத்தால் போதும் என்ற நம்பிக்கையும் நிலைக்கவில்லை. ஜெர்மனியில் நீரிழிவு உள்ள டயாலிசிஸ் நோயாளிகளிடமும் (முடிவு வெளியானது 2005-இல்), பல நாடுகளின் டயாலிசிஸ் நோயாளிகளிடமும் (2009-இல்) கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளைச் சோதித்தபோது கெட்ட கொழுப்பு நன்றாகக் குறைந்தது, ஆனால் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவற்றின் மொத்தம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை.

கொழுப்பின் அளவு மட்டுமல்ல, அது ஆக்சிஜனேற்றம் அடைந்து இரத்தநாளச் சுவரில் படிவதும் இங்கே முக்கியமாகிறது. சிறுநீரகம் செயலிழந்தவரின் உடலில் தேங்கும் கழிவுகளும் ஓயாத அழற்சியும் ஏற்கெனவே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது செல்களைத் தாக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உடலின் தடுப்பை மீறும் நிலையை, உயர்த்தி வைத்திருக்க, உயிர் காக்க நாங்கள் செய்யும் சிகிச்சையும் அதில் தன் பங்கைச் சேர்க்கிறது. இரத்தத்தை வடிகட்டும் டயலைசரின் சவ்வில் இரத்தம் பட்ட சில நிமிடங்களிலேயே வெள்ளையணுக்கள் கிளர்ந்து, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை வெளியிடுகின்றன; அவற்றைத் தடுக்க வேண்டிய வைட்டமின் சி, நீரில் கரையும் சிறு மூலக்கூறு என்பதால், யூரியாவோடு சேர்ந்து வெளியேறிவிடுகிறது.

தண்ணீரைப் பற்றி நான் சற்று அதிகமாகவே பேசுவேன். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றில் தூய நீரில் தயாரித்த சுமார் 120 லிட்டர் திரவம், சவ்வின் ஒருபுறம் நோயாளியின் இரத்தம் ஓட, மறுபுறம் ஓடுகிறது. குடிநீரைத் தூய்மையாக்கச் சேர்க்கும் குளோரினிலிருந்து உண்டாகும் குளோரமின் ஆர்.ஓ. சவ்வை ஓரளவு கடந்துவிடும்; அதைப் பிடித்து நிறுத்துவது கரி நிரப்பிய கார்பன் டாங்க்தான். அது தன் திறனை இழந்தால் குளோரமின் இரத்தத்தில் கலந்து, ஹீமோகுளோபினை ஆக்சிஜனேற்றி, சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் குளோரின் அளவு லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறோம். ஒருநாள் பார்க்கவில்லை என்றால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களிடம் என்னால் பொறுமையாக இருக்க முடிவதில்லை.

“தம்பி, அவருக்கு தினமும் ஒரு நெல்லிக்காய் கொடுக்கலாமா?” என்று ஒரு நோயாளியின் மனைவி கேட்டார். நியாயமான கேள்விதான். பொட்டாசியத்துக்கு அஞ்சிப் பழங்களையும் இளநீரையும் விலக்கி, காய்கறியையும் வேகவைத்து நீரை வடித்துவிடச் சொல்கிறோம். உணவிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பும் அதோடு போய்விடுகிறது. ஆனால் வைட்டமின் சி அளவு மீறினால் ஆக்சலேட்டாக மாறி உடலில் தேங்கும் என்பதால், “டாக்டரையும் உணவியல் நிபுணரையும் கேட்காமல் எதுவும் வேண்டாம்மா” என்றேன்.

ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் மாத்திரைகளின் கதையும் முடிவாகவில்லை. 2000-இல் வெளியான, இஸ்ரேலில் ஏற்கெனவே இதயநோய் இருந்த 196 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் தினம் 800 யூனிட் வைட்டமின் ஈ இதய நிகழ்வுகளைக் குறைத்தது. அந்தச் சிறிய ஆய்வை மட்டும் நம்பி எல்லோருக்கும் அதைக் கொடுக்க முடியாது. இரத்தசோகைக்காக ஊசி வழியே இரத்தநாளத்தில் செலுத்தும் இரும்பு ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் என்ற அச்சம் நெடுநாள் இருந்தது. 2019-இல் வெளியான, பிரிட்டனில் 2,141 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், தாராளமாக இரும்பு பெற்றவர்களுக்கு இதயத் தீங்கு கூடவில்லை, சற்றுக் குறைவாகவே இருந்தது. ஆய்வகத்தில் தெரியும் ஆக்சிஜனேற்றமும் நோயாளிக்கு நேரும் மாரடைப்பும் எப்போதும் ஒரே திசையில் போவதில்லை என்பதை இந்த ஆய்வுதான் எனக்கு உணர்த்தியது.

ஆகவே எங்கள் கையில் இருப்பதில்தான் என் கவனம்: தூய நீர், தொற்றில்லாத ஊசிமுனை, கழுத்துக் கதீட்டரை (இரத்தம் எடுக்கக் கழுத்தில் செருகும் குழாயை) விரைவில் எடுத்துவிட வழிசெய்யும் ஃபிஸ்டுலா, அதாவது கையில் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்கும் பாதை. டயாலிசிஸ் தேவைப்படும் என்று தெரிந்தவர்கள், கையில் இரத்தநாளம் நன்றாக இருக்கும்போதே அந்தச் சிறு அறுவைச் சிகிச்சையைச் செய்துகொண்டால், கதீட்டரால் வரும் அழற்சியின்றியே சிகிச்சையைத் தொடங்கலாம்.