நீலமா வெள்ளையா: மொஹாவி மணலில் ஒரு குட்டிப்பூ

லினாந்தஸ் பாரியேயைப் பார்க்க மண்டியிட வேண்டும். கலிபோர்னியாவின் மேற்கு மொஹாவி பாலைவனத்தில், ஜோஷுவா மரங்களுக்கு இடையே உள்ள மணலில், பெரும்பாலும் விரல் நீளம்கூட வளராத ஒருபருவச் செடி இது. தண்டு இருப்பதே தெரியாது. ஊசி ஊசியாகப் பிளந்த இலைகளுக்கு நடுவே பூ தரையிலேயே உட்கார்ந்திருக்கும். ஐந்து மடல். ஒவ்வொரு மடலின் அடியிலும் கருஊதாவில் இரட்டை வளைவு. அதுதான் அடையாளம்.

பூ வெள்ளையாகவோ நீலமாகவோ இருக்கும். ஓரிடத்தில் கிட்டத்தட்ட எல்லாமே வெள்ளை, வேறோரிடத்தில் நீலம், சில இடங்களில் கலப்பு. 1942-ல் தாவரவியலாளர் எப்ளிங்கும் மரபியலாளர் டோப்ஜான்ஸ்கியும் இந்தப் பரவலை வெளியிட்டார்கள். தற்செயலான மரபணு நகர்வே, அதாவது சிறு கூட்டத்தில் எந்த நிறம் பெருகுகிறது என்பது வெறும் அதிர்ஷ்டத்தால் தலைமுறைக்குத் தலைமுறை மாறுவதே, இதற்குக் காரணம் என்றார் மரபியலாளர் சூவல் ரைட்.

நிறத்தைத் தீர்மானிப்பது ஒரே மரபணு. நீலம் ஓங்கியது, வெள்ளை ஒடுங்கியது: பெற்றோர் இருவரிடமிருந்தும் வெள்ளைக்கான கூறு வந்தால்தான் பூ வெள்ளை, ஒன்று நீலத்துக்கானது என்றாலே பூ நீலம். அதனால் கண்ணில் படும் கணக்கு ஏமாற்றும். தங்குதடையில்லாமல் கலந்து இனம்பெருகும் கூட்டத்தில் 100-க்கு 9 செடி வெள்ளை என்றால், நீலமாகத் தெரியும் 91-இல் 42 செடிகள் வெள்ளைக்கான கூறைச் சுமந்துகொண்டிருக்கும்.

ஓரிடத்தில் எந்த நிறம் எவ்வளவு என்று நீங்களே எண்ணும்போது பூவை எண்ணாதீர்கள், செடியை எண்ணுங்கள். நல்ல மழை கண்ட ஒரு செடியே பல பூ பூக்கும். பூவை எண்ணினால் அதன் நிறம் பல மடங்காகிவிடும். பூ அடர்ந்த இடமாகப் பார்த்து நிற்காமல், கயிறு கட்டி நேர்கோட்டில் எண்ணுங்கள். காலடியையும் கவனியுங்கள், மிதித்த செடி அந்த ஆண்டு விதை தராது.

ஒரே வசந்தத்தை நம்பி முடிவு கட்டுவதுதான் பெரிய பிழை. விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கும். குளிர்கால மழை பொய்த்தால் ஒன்றுகூட முளைக்காமல் போகலாம். நல்ல மழை பெய்தால் பல ஆண்டுகளின் விதைகள் சேர்ந்து எழும். ஆய்வாளர்கள் ஷெம்ஸ்கியும் பியர்சிச்சுடெக்கும் ஆண்டுக்கணக்கில் எண்ணி 2001-ல் எழுதினார்கள்: செழித்த ஆண்டுகளில் வெள்ளைக்கு விதை அதிகம், வறண்ட ஆண்டுகளில் நீலத்துக்கு.

ஆழமில்லாத ஓர் ஓடை. ஒரு பக்கம் முழுக்க நீலம், எதிர்ப்பக்கம் முழுக்க வெள்ளை. அங்கே செய்த ஆய்வை அதே இருவர் 2007-ல் வெளியிட்டார்கள். நிறத்தோடு தொடர்பில்லாத மற்ற மரபுக் குறியீடுகளில் இரு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை. இடம் மாற்றி வளர்த்துப் பார்த்தபோது, அந்தந்தப் பக்கத்து நிறமே மேலோங்கியது. மண்ணும் வேறு, சூழ்ந்திருந்த செடிகொடிகளும் வேறு. ஆக, காரணம் ரைட் சொன்ன தற்செயல் அல்ல, இயற்கைத் தேர்வு.