பெட்டி சொல்லும் லுமென், கோளம் சொல்லும் லுமென்

பெட்டியில் 806 லுமென் என்று அச்சிட்டிருந்த 9 வாட் எல்.இ.டி. பல்பு, பல்பு தரும் மொத்த ஒளியை (அதன் அலகுதான் லுமென்) அளக்க நானே செய்த, உள்ளே வெள்ளை பூசிய கோளத்துக்குள் அரை மணி நேரம் எரிந்து சூடு நிலைத்த பிறகு 760 லுமெனுக்குச் சற்று மேலே நின்றது. அதைக் கழற்றி வேறு பல்புகளை அளந்துவிட்டு, மறுபடியும் அதையே மாட்டிப் பார்த்தாலும் எண் ஒரு விழுக்காட்டுக்கு மேல் நகரவில்லை. வெளிச்சத்தை அளக்கும் ஒரு சாதாரண லக்ஸ் மீட்டரையும் இரண்டு போலிஸ்டைரின் அரைக்கோளங்களையும் வைத்துக்கொண்டு, பினாங்கின் ஈரக்காற்றில் இந்த நிலைக்கு வந்து சேர்ந்ததை வெற்றி என்றே சொல்லிக்கொள்கிறேன். ஆனால், பல்பு தன் விளம்பரத்துக்கு ஏற்ப உழைக்கிறதா என்ற கேள்விக்குப் பாதி விடைதான் கிடைத்திருக்கிறது.

அரை மீட்டர் குறுக்களவுள்ள கோளத்தை, தைப்பூசக் காவடிகளுக்கு அலங்கார வேலை செய்யும் பட்டர்வொர்த்துக்காரர் ஒருவரிடம் சொல்லி வெட்டி வாங்கினேன். பினாங்கு முருகன் கோயிலான தண்ணீர்மலைக்குப் போகும் காவடிகளுக்கு வளைவுகளை வெட்டிப் பழகிய கை என்பதால், இணையத்தில் விற்கும் பந்துகளைவிட இவற்றின் விளிம்புகள் நன்றாகப் பொருந்துகின்றன. இந்த வழியில் முயல நினைப்பவர்கள் தைப்பூசத்துக்கு முந்தைய மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சமயத்தில் இப்படிப்பட்டவர்கள் தொலைபேசியைக்கூட எடுக்கமாட்டார்கள்.

என்னை மிகவும் அலைக்கழித்தது உட்பூச்சுதான். ஆய்வுக்கூடங்களைப் பார்த்து, வீட்டிலேயே கோளம் செய்யும் நம்மில் பலரும் பேரியம் சல்பேட் தூளை வெள்ளைப் பசையில் குழைத்துப் பூசுகிறோம். அது 97 விழுக்காடு ஒளியைத் திருப்பும் என்பதுதான் கவர்ச்சி. ஆனால், கோளத்துக்குள் ஒளி பலமுறை சிதறித் திரும்புவதால் மீட்டர் காணும் வெளிச்சம் எத்தனை மடங்கு பெருகும் என்பதைச் சுவரின் பிரதிபலிப்பே தீர்மானிக்கிறது: பிரதிபலிப்பு 97 விழுக்காடாக இருந்தால் 97-ஐ மீதமுள்ள 3-ஆல் வகுத்து ஏறத்தாழ 32 மடங்கு, 95 ஆகக் குறைந்தால் 95-ஐ 5-ஆல் வகுத்து 19 மடங்கு. சுவர் இரண்டே விழுக்காடு மங்கினால் அளவு 40 விழுக்காடு விழுந்துவிடுகிறது. மழைக்காலத்தில் இந்தப் பூச்சின் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். பிறகு வெடிப்பு விடும். நகம் பட்டால் பழைய சுண்ணாம்புச் சுவர்போல உதிரும். கோளத்தின் அடியில் ஊசிமுனை அளவுக்குக் கரும்பூஞ்சைப் புள்ளிகள் வேறு தோன்றும். சிறு மங்கலுக்கே அளவை இவ்வளவு அசைத்துவிடும் பூச்சு நம் ஊர்க் காற்றுக்கு ஆகாது என்பது என் முடிவு.

இப்போது உள்ளே இருப்பது ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும், பளபளப்பில்லாத, நீரில் கரையும் வெள்ளைச் சுவர்ப் பூச்சு. இதன் பிரதிபலிப்பு 90 விழுக்காட்டை ஒட்டியது என்று வைத்துக்கொண்டால், அதே இரண்டு விழுக்காட்டு மங்கலில் அளவு 19 விழுக்காடுதான் விழும். பெருக்கம் 9 மடங்குக்கு இறங்கினாலும், பல்பு ஒன்று எரியும்போது லக்ஸ் மீட்டருக்கு அது தாராளமாகப் போதும். இப்பூச்சிலுள்ள டைட்டேனியம் டையாக்சைடு ஊதா ஒளியை விழுங்கும் என்பது வழக்கமான ஆட்சேபம். வெள்ளை எல்.இ.டி.யின் நீல முனை 450 நானோமீட்டர் அளவில் இருப்பதால், வீட்டுப் பல்புகளை அளக்கும் நமக்கு அது பொருட்டில்லை.

மீட்டரின் கண்ணுக்குப் பல்பு நேராகத் தெரியாதபடி இடையில் வைக்கும் மறைப்புத் தகட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் இரு பக்கங்களிலும் அதே பூச்சு இருக்க வேண்டும், அவ்வளவுதான். துணை விளக்கை மட்டும் யாரும் தவிர்க்கக் கூடாது. சாம்பல் நிற அலுமினிய உடல் கொண்ட பல்பை உள்ளே வைத்தால், அது கோளத்தின் ஒளியில் ஒரு பங்கைத் தானே விழுங்கிவிடும். சுவரோரத்தில் ஒரு சிறிய எல்.இ.டி.யைத் துணை விளக்காக நிரந்தரமாகப் பொருத்தி, அதை மட்டும் எரியவிட்டு, அளக்கப்போகும் பல்பை அணைத்த நிலையில் உள்ளே வைத்து ஓர் அளவும், லுமென் அளவு முன்பே தெரிந்த ஆதாரப் பல்பை அப்படியே வைத்து இன்னோர் அளவும் எடுத்து, அந்த விகிதத்தால் திருத்திக்கொள்கிறேன். வெள்ளைப் பிளாஸ்டிக் உடலுக்கும் அலுமினிய உடலுக்கும் இடையில் என் கோளத்தில் 4 விழுக்காடு வேறுபாடு தெரிந்தது. இந்தத் திருத்தம் இல்லாமல் போட்டால், நல்ல பல்பின் மேல் வீண்பழி விழும்.

பாயான் லெப்பாஸிலும் கூலிமிலும் எல்.இ.டி. ஆலைகள் இருப்பது நமக்கு ஒரு வசதி. கூலிமில் விளக்கு நிறுவனமான ஓஸ்ராம், எல்.இ.டி.யில் ஒளி தரும் சில்லுகளுக்கான தன் ஆலையை 2017-இல் திறந்தது. அந்தத் துறையில் வேலை செய்யும் நண்பர் ஒருவர், என் ஆதாரப் பல்பைத் தாம் பணிபுரியும் இடத்திலுள்ள பெரிய கோளத்தில் அளந்து தந்தார். ஆதாரத்துக்கு ஹாலஜன் வேண்டாம் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. மலிவான லக்ஸ் மீட்டரின் வடிகட்டி மனிதக் கண்ணோடு முழுமையாக ஒத்துப்போவதில்லை. எனவே அளக்கப்படும் ஒளியும் ஆதார ஒளியும் ஒரே வகையாக இருந்தால்தான் அந்தப் பிழை இரண்டிலும் ஒரே அளவில் விழுந்து நீங்கும்.

இனி அளவுகள். வாட் எண்ணில் பெட்டிகள் ஏறக்குறைய நேர்மையாகவே இருக்கின்றன. லுமென் எண்ணில், பெயர் பெற்ற பல்புகள் போட்ட உடனே பெட்டி சொன்னதைத் தருகின்றன. சூடேறியதும் 5 முதல் 8 விழுக்காடு வரை இறங்குகின்றன. இந்த இறக்கம் முழுவதையும் பல்பின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஆய்வுக்கூட அளவு 25 பாகை செல்சியஸில் எடுக்கப்படுவது. நம் வரவேற்பறையோ இரவிலும் 30 பாகை. அதோடு போலிஸ்டைரின் வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மூடிய கண்ணாடிக் கூண்டு விளக்கில் மாட்டினால் இறக்கம் இன்னும் கூடும், பெட்டியோ அதைப் பற்றி மூச்சுவிடுவதில்லை.

பொய் மலிந்திருப்பது ‘இத்தனை வாட் குண்டு பல்புக்குச் சமம்’ என்னும் வரியில்தான். 60 வாட்டுக்கு 806, 75 வாட்டுக்கு 1055, 100 வாட்டுக்கு 1521 லுமென் என்பது ஐரோப்பிய விதிகளிலிருந்து பரவிய கணக்கு. இணையத்தில் ஆறு பல்புகள் கொண்ட கட்டாக வாங்கிய, பெயரே கேள்விப்படாத 12 வாட் பல்பு ஒன்று, 100 வாட்டுக்குச் சமம் என்று கொட்டை எழுத்தில் பெருமையடித்துக்கொண்டு, என் கோளத்தில் 1040 லுமெனைக்கூட எட்டவில்லை. 75 வாட் என்று போட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

மீதி விடை 15,000 மணி நேரம் என்னும் ஆயுள் எண்ணில் இருக்கிறது. நாளுக்கு ஏறத்தாழ 2.7 மணி நேரம் என்று கணக்கிட்டு அதையே 15 ஆண்டுகள் என்று அச்சிடுகிறார்கள். மாலை ஏழு மணிக்குப் போட்டு நள்ளிரவில் அணைக்கும் வீட்டில் அது எட்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான். பொதுவாக அந்த எண்ணின் பொருள், தொகுதியில் பாதிப் பல்புகளின் ஒளி 70 விழுக்காட்டுக்கு இறங்கும் காலம் என்பதே. சில்லுகளைக் குறைந்தது 6,000 மணி நேரம் சோதித்து, அந்தக் காலத்தின் அதிகபட்சம் 6 மடங்கு வரை முன்கணிக்கலாம் என்பது துறையின் நடைமுறை. ஆனால் என் குப்பைப் பெட்டியிலிருக்கும் பல்புகளில் பெரும்பாலானவை மங்கிச் சாகவில்லை, திடீரென்று இருண்டவை. பிரித்துப் பார்த்தால், தொடராக இணைத்த சில்லுகளில் ஒன்றின் நடுவே மிளகுப் பொடி அளவில் கருப்புப் புள்ளி இருக்கிறது, அல்லது சில்லுகளுக்கு மின்னோட்டத்தைச் சீராகத் தரும் டிரைவரிலுள்ள மின்பகு மின்தேக்கியின் தலை உப்பியிருக்கிறது. அந்த மின்தேக்கியின் ஆயுள், 10 பாகை சூடு கூடினால் பாதியாகும்.

ஆகவே அடுத்த கட்டமாக, மின்னோட்டத்தை அளவிடும் இரட்டை மின்தடைகளில் ஒன்றை நீக்கிச் சில பல்புகளைக் குறைந்த ஓட்டத்தில் எரியவிடப்போகிறேன். இவ்வகை டிரைவர்களில் சில்லுப் பலகை முழுவதும் மின்வழங்கலோடு நேரடித் தொடர்பில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒளி குறைந்தாலும் ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் லுமென் கூடுவதைத் தற்காலிகமாகக் கம்பி இணைத்துப் பார்த்தபோதே கண்டேன். உண்மையில் முதலில் முடிக்க வேண்டியது, பழைய வீடுகளில் இன்னும் புழங்கும், திருகாமல் இரு சிறு ஊசிகளால் மாட்டும் ‘பின்’ வகை பல்புகளை அளக்கும் வேலை. அதற்குரிய பீங்கான் தாங்கி இங்கே நான் கேட்ட கடைகளில் இல்லை. கோலாலம்பூர் ஜாலான் பாசாருக்குப் போகும் தம்பியிடம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். அது வந்ததும், மாற்றாத பல்புகளும் மாற்றிய பல்புகளுமாகக் கூண்டு விளக்குகளில் மாட்டி, மாதம் ஒருமுறை கோளத்துக்குள் வைத்து அளந்து எழுதுவேன்.