அட்டையில் பிளெட்ச்லி பார்க்: மூன்றாவது ஞாயிறு

இரண்டாம் உலகப் போரில் எதிரிகளின் சங்கேதச் செய்திகளை உடைத்த இங்கிலாந்து மாளிகை பிளெட்ச்லி பார்க்; அதைத்தான் அட்டையில் செய்துகொண்டிருக்கிறேன். ஒருவழியாக முன்சுவர் நின்றுவிட்டது. ஒன்றுக்கு இருநூறு அளவில் அட்டை வெட்டுகிறவனுக்கு இடமும் வலமும் ஒன்றுபோல இருந்தால் பாதி வேலை மிச்சம். இந்த மாளிகையில் அந்தப் பேச்சே இல்லை. 1883இல் இதை வாங்கிய ஹெர்பர்ட் லியோன் நிதித் தொழிலில் பணம் சேர்த்தவர். மனம்போல விரித்துக் கட்டியிருக்கிறார்: இங்கே கோதிக், பக்கத்தில் டியூடர், அதற்கப்பால் டச்சுக்காரர் பாணி. போர்க்காலத்தில் அங்கே வேலை பார்த்த அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஒருவர் இதைக் கண்டபடி திட்டியிருக்கிறார். எனக்கென்னவோ பிடித்திருக்கிறது.

செப்புக் குவிமாடம் இரண்டு தடவை குப்பைக்குப் போனது. முதலில் பூசிய பச்சை கிளிப்பச்சையாகிவிட்டது. பிறகு, புளி போட்டுத் தேய்க்காமல் பரணில் கிடந்த செம்பை இறக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். முதலில் பழுப்பு, அது காய்ந்ததும் வெளிர்பச்சையைப் பஞ்சால் ஒற்றி, ஈரம் போவதற்குள் துடைத்தேன். களிம்பு வந்துவிட்டது!

எந்த ஆண்டின் வீட்டைச் செய்வது என்பதில்தான் குழப்பம். லியோனின் மனைவி 1937இல் இறந்தார். இடித்துவிட்டு வீடுகள் கட்டும் எண்ணத்தில் ஒரு கட்டடக்காரர் வாங்கினார். 1938இல் உளவுத்துறைத் தலைவர் ஹியூ சின்க்ளேர் 6,000 பவுண்டுக்கு வாங்கியிருக்காவிட்டால் கதை அத்தோடு சரி. அந்தச் செப்டம்பரில் வேட்டைக்கு வந்த கோஷ்டிபோல வந்திறங்கியவர்கள் சங்கேதக் குறியீடு உடைப்பவர்கள். சமையலுக்கு லண்டன் சவாய் ஹோட்டலின் சமையல்காரர். 1945இல் கிட்டத்தட்ட 9,000 பேர், முக்கால்வாசி பெண்கள். அத்தனை பேருக்கான கொட்டகைகளையும் செய்தால் சாப்பாட்டு மேசையே போய்விடும். போருக்குப் பின் ஆசிரியர் பயிற்சி, தொலைபேசிப் பொறியாளர் பயிற்சி, 1991இல் மறுபடியும் இடிக்கும் பேச்சு, பிறகு அருங்காட்சியகம்.

கடைசியில் என்னைப் பிடித்துக்கொண்டது தண்ணீர்த் தொட்டிக் கோபுரம். போரின் தொடக்கத்தில் அதற்குள் ஒரு வானொலி அறை இருந்தது. பெயர் 'ஸ்டேஷன் எக்ஸ்'. எக்ஸ் என்பது ரோமன் பத்து. ஏரியல் கம்பியைப் பக்கத்திலிருந்த வெலிங்டோனியா மரத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒளிந்திருக்க வேண்டிய வீட்டைக் கம்பியே காட்டிக்கொடுக்கும் என்று சீக்கிரமே அதை அகற்றிவிட்டார்கள்.

அந்தக் கம்பிக்காகவே 1939 என்று முடிவு செய்தேன். பழைய இயர்போன் வயரை உரித்து ஒற்றை இழை எடுத்தேன். கோபுரத்தில் ஒட்டிக்கொண்டது. மறுமுனையைக் கட்டினால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷில் செய்த மரம் வீட்டுப் பக்கம் சாய்கிறது. அடியில் ஈயக்குண்டு வைத்தும் நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு மரத்தைப் பலகையில் துளையிட்டு நட வேண்டும்.