மாமா லாட்ஜுக்கு ஒரு வெப்சைட்

வேலூர் பாபுராவ் தெருவில் நடந்தால் தமிழ்ப் பலகைக்குப் பக்கத்திலேயே பெங்காலிப் பலகையும் தொங்கும். சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பங்களாதேஷிலிருந்தும் அத்தனை பேர் வருகிறார்கள். மாமாவின் லாட்ஜும் அவர்களை நம்பித்தான் ஓடுகிறது. வாசல் பலகை பெங்காலியில் இருக்க, வெப்சைட் மட்டும் இங்கிலீஷில் இருந்தது. அதிலும் பழைய போன் நம்பர். செய்துகொடுத்தவர் டொமைனை, அதாவது வெப்சைட்டின் முகவரியை, தன் பேரில் பதிந்துகொண்டு, இப்போது போன் எடுப்பதில்லை.

“எம் பேரு போட்டிருக்குது, ஆனா என்னுது இல்லன்றியா?” என்றார் மாமா. ஆமாம் மாமா, அதேதான்.

புதிதாகச் செய்யலாம் என்றதும் எதில் செய்வது என்று வீட்டில் ஆளாளுக்கு ஒரு வெப்சைட் சேவையின் பெயர் சொன்னார்கள். நான் கேட்டது ஒன்றுதான்: நாளைக்கு ரூம் வாடகை மாறினால் வெப்சைட்டில் யார் மாற்றுவார்கள்? கவுண்டரில் இருக்கும் பையன்தான் மாற்ற வேண்டும். அவன் கையில் இருப்பது போன். லாட்ஜில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, ஆனால் மாமா பெண் வந்தால்தான் அது ஆன் ஆகும்.

இதை வைத்துப் பார்த்ததில் பாதிப் பெயர்கள் தானாகக் கழன்றன. கூகுள் சைட்ஸுக்குக் காசில்லை, சொந்த டொமைனும் இணைக்கலாம், ஆனால் போனில் எடிட் செய்யச் சரிவராது. கூகுள் மேப் கணக்கோடு இலவசமாக ஒரு குட்டி வெப்சைட் கிடைத்ததே, அதை 2024 மார்ச்சில் கூகுளே மூடிவிட்டது. விக்ஸில் எல்லாம் அழகாக வரும். ஆனால் அங்கே கட்டிய சைட்டை அப்படியே தூக்கிப்போய் வேறு ஹோஸ்டிங்கில், அதாவது சைட்டை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் வேறொரு இடத்தில், வைக்க முடியாது. ஏற்கெனவே ஒருவரிடம் மாட்டிக்கொண்டு முழித்த மாமாவுக்கு அது வேண்டாம் என்று பட்டது. ஆன்லைன் கடை போடும் ஷாப்பிஃபை, குடியாத்தம் லுங்கியோ ஆம்பூர் தோல் செருப்போ விற்பவருக்குச் சரி. லாட்ஜில் ஷாப்பிங் கார்ட் வைத்து என்ன செய்வது?

மிஞ்சியது வேர்ட்பிரஸ். 2003-லிருந்து இருக்கிறது, சாஃப்ட்வேர் இலவசம். நாமே ஹோஸ்டிங் வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் பிளக்இன் என்று கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் குட்டி சாஃப்ட்வேர்களை அப்டேட் செய்யாமல் விட்டால் எவனாவது உள்ளே புகுந்துவிடுவான். பேக்கப் எடுக்கவும் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் கடைசியில் நான்தான் என்று ஆகிவிடும். அதனால் அதே வேர்ட்பிரஸை ஹோஸ்டிங்கோடு சேர்த்துத் தரும் வேர்ட்பிரஸ் டாட் காமிலேயே வருடக் கட்டணம் கட்டும் ஒரு சின்னத் திட்டம் எடுத்தோம். அப்டேட்டை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள், போனில் ஆப் இருக்கிறது, பிடிக்காவிட்டால் எழுதியதை எக்ஸ்போர்ட் செய்துகொண்டு வேறு இடம் போகலாம். “வருசா வருசம் காசு கேக்குமா?” என்று மாமா முகம் சுளித்தார். பெயின்டர் மட்டும் கேட்க மாட்டானா?

ஆன்லைன் புக்கிங் வைக்கலாமே என்று ஒரு பேச்சு வந்தது. நான் வேண்டாம் என்றேன். ஊட்டிக்குப் போகிறவருக்கு இத்தனாம் தேதி திரும்புவேன் என்று தெரியும். இங்கே எத்தனை நாள் தங்குவது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். இரண்டு நாள் என்று வந்தவர் மாதக்கணக்கில் இருப்பார். ஒரு வாட்ஸ்அப் பட்டன் போதும்.

வெப்சைட் பக்கத்தில் என்ன எழுதுவது என்பதில்தான் எனக்கு உண்மையான பாடம் கிடைத்தது. கோட்டை, ஸ்ரீபுரம் பொற்கோவில் என்று நான் ஒரு பத்தி எழுதி வைத்திருந்தேன். சிகிச்சைக்காகத் தங்கியிருந்த மேற்கு வங்க மால்டாக்காரர் ஒருவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நோயாளியோடு வருகிறவர் கேட்பது வேறு: ரூமில் சமைக்கலாமா, அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கிடைக்குமா, லிஃப்டில் வீல்சேர் நுழையுமா, ஆஸ்பத்திரி கேட்டுக்கு எவ்வளவு நேரம் நடக்கணும், காட்பாடி ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ எவ்வளவு கேட்பான். இப்போது ராணிப்பேட்டை பக்கமும் சிஎம்சி வளாகம் வந்துவிட்டதால், எந்த வளாகத்தில் அப்பாயின்ட்மென்ட் என்று பார்த்துவிட்டு ரூம் போடுங்கள் என்று ஒரு வரி. பங்களாதேஷிலிருந்து வருகிறவர்களுக்கு, பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் வேண்டும், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்தை லாட்ஜ் அரசிடம் பதிய வேண்டும் என்று இன்னொரு வரி. பெங்காலி எழுத்தை அந்த மால்டாக்காரரே உட்கார்ந்து திருத்திக்கொடுத்தார்.

மொழிக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாகப் போட்டதால் மொழி மாற்றும் பிளக்இன்னே தேவைப்படவில்லை. வாடகையை மட்டும் எல்லாப் பக்கத்திலும் 1, 2, 3 என்ற எண்களிலேயே எழுதினோம். அப்போதுதான் பெங்காலி தெரியாத பையனும் ஆப்பைத் திறந்து மாற்ற முடியும். ரேட் போர்டைப் போட்டோ எடுத்து ஒட்டிவிடலாம் என்றான் அவன். போட்டோ என்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாக எடுக்கணும், சிக்னல் குறைவான போனில் திறக்கவும் நேரமாகும், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

டாட் இன் டொமைன் இந்தத் தடவை மாமா பேரில், மாமாவின் மெயிலில், மாமாவின் கார்டில். முதல் வருட ஆஃபர் விலையைப் பார்க்காமல் ரெனியூவல் விலையைப் பார்த்து வாங்கினோம், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஹிந்திப் பக்கம் இன்னும் பாதியில் நிற்கிறது. ஜார்க்கண்ட், பீகார் பக்கத்திலிருந்து யாராவது ரூம் போட்டால் படித்துப் பார்க்கச் சொல்லணும்.