மேலே வந்த பிறகு

கோயம்புத்தூரில், எதிராளியைத் தரையில் பிடித்து அடக்கும் தற்காப்புக் கலையான ஜியு-ஜிட்சுவை நான் பயிலும் கூடத்தில் பெண் என்று இருப்பவள் நான் ஒருத்திதான். நான்கு ஆண்டுகளாக என்னுடன் பாயில் புரண்டவர்கள் அனைவரும் 70 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்கள். என் எடை 53 கிலோ. ஆகவே மல்லாந்து கிடந்தபடி மூச்சைக் காப்பாற்றிக்கொள்வதும், முழங்கையையும் முழங்காலையும் இடையில் நுழைத்து நசுங்காமல் நழுவுவதும் எனக்குக் கைவந்திருந்தன. அதுவே என் ஆட்டம் என்று நம்பியிருந்தேன்.

சென்ற மார்கழியில் சிங்கப்பூரில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனபோது, பெட்டியில் கி எனப்படும் பயிற்சி உடையையும் என் நீல பெல்ட்டையும் மறக்காமல் வைத்துக்கொண்டேன். தோ பாயோவில் அக்காவின் அரசு அடுக்குமாடி வீட்டிலிருந்து மாலைதோறும் எம்ஆர்டி ரயிலில் கிளம்பி, தோபி காட்டில் வடகிழக்குப் பாதைக்கு மாறி, ஃபேரர் பார்க்கில் இறங்குவேன். சிராங்கூன் சாலையில் பெருமாள் கோயில் கோபுரத்தைக் கடந்து, ஒரு பக்கத் தெருவின் மாடியில் இருந்த கூடத்துக்கு நடப்பேன்.

முதல் மாலையிலேயே அங்கு எட்டுப் பெண்கள் இருந்தார்கள். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜியு-ஜிட்சுவில் வெள்ளி வென்ற கான்ஸ்டன்ஸ் லியனின் ஊர் இது என்பதை அறிந்திருந்தும், என் உயரமும் எடையும் கொண்ட எட்டுப் பேரை ஒரே பாயில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

என்னோடு இணைந்தவர் என் நீலத்துக்கு அடுத்த படியான ஊதா பெல்ட் அணிந்த ஒரு தமிழ் ஆசிரியை. இரண்டாம் நிமிடத்திலேயே அவரைப் புரட்டி, அவர் மேல் கால்களை இருபுறமும் போட்டு உட்காரும் மவுண்ட் நிலைக்கு வந்துவிட்டேன். வந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகளை ஊன்றி அப்படியே இருந்தேன். அவர் இடுப்பைத் தூக்கி என்னைக் கவிழ்த்துவிட்டார்.

“மேலே வந்துட்டியேம்மா, அப்புறம் ஏன் நின்னுட்டே?” என்று பரிவோடு கேட்டார்.

அடுத்த மூன்று மாலைகளும் அவரே கீழே படுத்துக்கொண்டு, என்னை மேலிருந்தே தொடங்கச் சொன்னார். எடையைக் கையில் வைக்காமல் இடுப்பில் இறக்கவும், முழங்கால்களை அவருடைய அக்குள் வரை ஏற்றிக்கொள்ளவும், அவருடைய முழங்கை விலாவை விட்டு எப்போது விலகுகிறது என்று காத்திருக்கவும் கற்றேன். 1882-இல் ஜப்பானில் கோடோகன் என்ற ஜூடோ பள்ளியைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, எதிராளி உண்மையாகவே எதிர்க்கும் பயிற்சியை ஜூடோவின் நடுவில் வைத்தார். அவருடைய கோடோகனில் பயின்ற மயேடா 1914-இல் பிரேசிலுக்குக் கொண்டுபோனதும் அதைத்தான்; நான் பயிலும் ஜியு-ஜிட்சு அங்கே அதிலிருந்து வளர்ந்தது. எதிர்ப்பவர் எப்படிப்பட்டவரோ அப்படித்தான் நம் கல்வியும் அமைகிறது என்பதை, எனக்கு நிகரான ஓர் உடலின் எதிர்ப்பைச் சந்தித்த அந்த மூன்று மாலைகளில்தான் உணர்ந்தேன். மூன்றாம் நாள் அவருடைய மணிக்கட்டைப் பாயோடு அழுத்தி தோளை முறுக்கும் அமெரிக்கானா பூட்டைப் போட்டேன், அவர் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினார்.

அறுபதைக் கடந்த ஒரு சீனப் பெரியவரிடம் அவசரப்படாமல் பிடிப்பதைக் கண்டேன். கட்டாயத் தேசிய சேவையில் இருந்த, 100 கிலோவைத் தாண்டிய ஓர் இளைஞரோடு புரண்டபோதோ என் பழைய தற்காப்பு நன்றாகவே வேலை செய்தது. பிறகுதான் கவனித்தேன்: அவர் தம் எடையைத் தம் முழங்கால்களிலேயே தாங்கிக்கொண்டிருந்தார். முழு எடையையும் இறக்கும்படி கேட்டேன், தயங்கி, இறக்கினார். மூச்சு நின்றது. ஊரில் என் நண்பர்களும் இதே கருணையைச் சொல்லாமல் காட்டிவந்திருக்கிறார்கள் என்பது அப்போது உறைத்தது. அவர்கள் மேல் எனக்கிருந்த அன்பு அந்தக் கணத்தில் பெருகியது.

கடைசி மாலையில், வகுப்பு முடிந்து எல்லாரும் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருக்கையில், ஆசிரியை என்னைக் கூப்பிட்டார்.

“நீ கீழேயிருந்து முழங்காலை நுழைக்கிறியே, அதை எனக்குச் சொல்லிக்கொடு. பெரிய ஆளுங்க கிட்ட நான் மாட்டிக்கிறேன்.”

நான் மல்லாந்து படுத்தேன். அவர் தம் தோளை என் தாடையின் கீழ் வைத்து அழுத்த, இன்னும் அழுத்துங்கள் என்று சொல்லிக்கொண்டே, முழங்காலை மெல்ல உள்ளே கொண்டுவந்தேன்.