அரசந்தளிர்
பங்குனி வெயிலில் தெருமுனை அரசமரம் முழுக்கத் தளிர்த்துவிட்டது. பச்சை இல்லை, புளி போட்டுத் துலக்கிய செம்புப் பாத்திரத்தின் நிறம். ஆந்தோசயனின் என்கிற நிறமியின் வேலை அது; பச்சையம் இன்னும் சரியாக ஊறவில்லை. இந்த வயதில் இலை ஆக்சிஜனைத் தருவதைவிடச் சுவாசித்துத் தீர்ப்பதுதான் அதிகம், கைக்குழந்தை வீட்டுக்குச் சம்பாதிக்குமா என்ன! அப்புறம், அரசமரம் ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அது சும்மா. வெளிச்சம் இல்லாமல் எந்த இலையும் விடாது.

இன்னொன்று, அந்த ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து வருகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லை, வேர் உறிஞ்சிய தண்ணீரைப் பிளந்து வருகிறதாம், 1941-இல் ஆக்சிஜன்-18 என்கிற, சற்றே கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரை வைத்துக் காட்டினார்கள். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். “சரி, அந்தக் குடத்தை எடு” என்றார்.