காசிமேட்டில் உளி அடித்து வாங்கிய கதை

கையால் அடித்த உளி வேண்டும் என்று சென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேடு பக்கம் பட்டறை தேடுகிறவர்கள் மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் போகாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் விசைப்படகுகள் மராமத்துக்கு நிற்கும். தனி ஆளாக உலை மூட்டுகிற கொல்லருக்கு அப்போதுதான் வேலை குவியும். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

சில உளிகளும் இழைப்புளிக்கு ஒரு அலகும் கேட்டேன். பாதிப் பணம் அட்வான்ஸ். "அடுத்த வாரம் வாங்க சார்." அடுத்த வாரம், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி வரிசைக்குள் நெளிந்து போய்ச் சேர்ந்தால், பட்டறை முழுக்க நங்கூரமும் கொக்கியும். எனக்கென்று எடுத்து வைத்த லாரிப் பட்டைத் (ஸ்பிரிங் தகடு) துண்டு மூலையில் அப்படியே கிடந்தது. "படகு கடலுக்குப் போயாவணும். உன் உளி எங்க சார் ஓடிடப் போவுது?" என்றார். என்ன பதில் சொல்ல? போன் அடித்தாலும் எடுக்க மாட்டார். ஒரு கையில் குறடு, இன்னொன்றில் சுத்தியல். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டால் பேசுகிறார் என்பது பின்னால் தெரிந்தது.

ஒரு வழியாக உளிகள் வந்தன. அளவில் அடுத்த வில்லங்கம். நான் கேட்டது 12 மில்லிமீட்டர், 12 மில்லி பிளைவுட் உட்காரும் காடி, அதாவது நீளப் பள்ளம், எடுக்க. அவர் அடித்தது நாலு நூல், அதாவது அரை இஞ்ச், 12.7. பட்டறையில் நூல்தான் கணக்கு, மில்லி எல்லாம் கடைக்காரன் பேச்சு. அந்த 0.7 காடியில் பிளைவுட் லொட லொட என்று ஆடும். உங்களுக்கு மில்லி கணக்கில் வேண்டுமானால் வாயால் சொல்லாதீர்கள், அந்தப் பலகையிலேயே ஒரு துண்டு வெட்டிக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆனால் உண்மையில் வயிறு எரிந்தது ஆறு நூல் உளியில். கூர் வைக்க அவரே பக்கத்துச் சாணைக் கடைக்கு அனுப்பியிருந்தார். வீட்டுக்கு வந்து பழைய தேக்கு நிலைக்கட்டையில் வைத்துக் கொட்டாப்புளியால் நாலு தட்டு தட்டினேன், முனை மடங்கிவிட்டது. வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு மூலையில் நீலம். மெஷினில் தண்ணீர் தொடாமல் அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள். நீலம் ஏறினால் சூடு கிட்டத்தட்ட 300 டிகிரிக்குப் போய்விட்டது என்று அர்த்தம், தோய்ச்சல் போச்சு, அதாவது காய்ச்சி முக்கி ஏற்றிய கெட்டித்தன்மை. சாணைக் கடையில் கேட்டால் "இரும்பே அப்படித்தான்" என்று கையை விரித்துவிட்டார்.

கொல்லரிடம் வாதாடவில்லை. ஒரு அரத்தை எடுத்து முனைக்குச் சற்று மேலே, நீலம் ஏறாத இடத்தில் தேய்த்துக் காட்டினேன், வழுக்கிக்கொண்டு போனது, அங்கே இரும்பு கெட்டி. முனையில் தேய்த்தேன், வெண்ணெயாகக் கடித்தது. அவர் முகம் மாறிவிட்டது. "காலையில வெள்ளனே வா" என்றார்.

வெயில் ஏறிவிட்டால் இரும்பின் நிறம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால்தான் அந்த நேரம். முனை செக்கச் செவேலென்று ஆனதும் காந்தத்தைக் காட்டினார், ஒட்டவில்லை, சூடு போதும் என்று அர்த்தம். உடனே எண்ணெயில் முனையை மட்டும் இறக்கினார். பட்டையைத் தண்ணீரில் விட்டால் கீறல் விழுமாம். வெளியே எடுத்துக் கல்லால் ஒரு பக்கம் பளபளவென்று தேய்த்துவிட்டு, பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார். மேலே மிச்சமிருந்த சூடு மெல்ல முனைக்கு இறங்க இறங்க, அதற்கு முன்னால் ஒரு வைக்கோல் மஞ்சள் ஊர்ந்து வந்தது. மஞ்சள் விளிம்பைத் தொட்ட நொடியில் மறுபடியும் எண்ணெய். ஒரு மூச்சு தாமதித்திருந்தால் ஊதா வந்திருக்கும்.

இந்த முறை சாணைக் கடைக்கு விடவில்லை. ஆயில் கல்லில் நானே 30 டிகிரிக்குத் தேய்த்துக்கொண்டேன். கை கடுத்தது, ஆனால் அதே தேக்கு சுருள் சுருளாக வருகிறது. வாங்கும்போதே அரத்தை வைத்து முனையைச் சோதித்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள்.

பிடி கடைசலுக்குப் போய் ஒழுங்காகத் திரும்பி வந்தது, பூணும் இறுக்கம். நாலு நூல் உளியை மில்லிக்குத் தேய்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இழைப்புளி அலகு இன்னும் வரவில்லை.